மூலிகைக் கப்சூலும் உலர்த்தலும்: மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முருங்கையிலை, வல்லாரை, நிலவேம்பு, நெல்லி, வேர்க்கொம்பு (சுக்கு) என்று இப்போது எல்லாமே கப்சூலாக வருகிறது. படுவான்கரைப் பக்கம் இலை பறித்து விற்பவர்கள், வீட்டோடு சிறிதாகத் தயாரிப்பவர்கள், கடையில் போத்தல் வாங்கி விழுங்குபவர்கள் என்று எல்லாரும் ஏதாவது கேட்கிறார்கள். எந்தப் பக்கத்திலிருந்து கேட்டாலும் கேள்வி கடைசியில் ஒரே இடத்துக்குத்தான் வந்து சேர்கிறது: சரக்கு எப்படிக் காய்ந்தது, காய்ந்தது காய்ந்தபடியே இருந்ததா? அதற்கான பதில்கள் மட்டும் இங்கே. எந்த நோய்க்கு எதை எடுப்பது என்பதை வைத்தியரிடம் கேளுங்கள்.

கப்சூல் என்றால் தூளை அடைத்துக் கொடுப்பதுதானே. காயவைப்பதில் அப்படி என்ன இருக்கிறது?

கஷாயம் குடித்தால் கசப்பும் மணமும் தெரியும். சூரணத்தை நாக்கில் வைத்தால் பழசா, பூஞ்சணம் பிடித்ததா என்று பாதியாவது பிடிபடும். கப்சூலில் அந்த வழி எல்லாம் அடைபட்டுவிடுகிறது. ஆகவே தூள் கப்சூல் கூட்டுக்குள் போவதற்கு முன் நடந்த வேலைதான் தரம். அதில் பெரும் பங்கு உலர்த்தலுக்கு.

பச்சை இலையில் 70 முதல் 85 சதவீதம் வரை தண்ணீர். அதை 10 சதவீதத்துக்குக் கீழே இறக்க வேண்டும். இறங்கும் வழியில் மருந்துச் சத்து எவ்வளவு மிஞ்சுகிறது என்பது முடிவாகிறது. கிருமியும் பூஞ்சணமும் குடியேறுமா இல்லையா என்பதும் அங்கேதான். தூள் நன்றாக ஓடி ஒவ்வொரு கூட்டிலும் ஒரே அளவு விழுமா, கூடு வெடிக்குமா, இளகுமா என்பதுகூட அந்த ஈரத்தைப் பொறுத்தது.

எவ்வளவு ஈரம் மிஞ்சலாம்?

பெரும்பாலான இலை, தண்டு, வேருக்கு மருந்துத் தர நூல்கள் 8 முதல் 12 சதவீதம் வரை எல்லை வைக்கின்றன. கப்சூலுக்குப் போகும் தூள் என்றால் 8க்குப் பக்கத்தில் நிறுத்துவது நல்லது.

கணக்கைப் பாருங்கள். 10 கிலோ பச்சை இலையில் 80 சதவீதம் தண்ணீர் என்றால், திண்மம் 2 கிலோதான். 8 சதவீத ஈரத்தில் நிறுத்தினால் கையில் வருவது ஏறத்தாழ 2 கிலோ 170 கிராம். இலை கொண்டுவருபவர் அதே 10 கிலோவுக்கு இரண்டரைக் கிலோ காய்ந்த இலை தந்தால் சந்தோஷப்படாதீர்கள். அதில் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர். நீங்கள் தண்ணீருக்குக் காசு கொடுக்கிறீர்கள், அது போதாதென்று பூஞ்சணத்துக்கு இடமும் கொடுக்கிறீர்கள்.

ஈரத்தை அளக்க ஆய்வுகூடம் வேண்டுமா?

முறையான அளவுக்கு ஆய்வுகூடம்தான் வேண்டும். எடை பார்த்த தூளை 105 பாகை செல்சியசில், எடை மாறாமல் நிற்கும்வரை வைத்து மறுபடி நிறுப்பார்கள். குறைந்த எடைதான் ஈரம். துளசி, இஞ்சி மாதிரி எண்ணெய் மணம் உள்ளவற்றில் இந்த வழி கொஞ்சம் ஏமாற்றும், ஏனென்றால் எண்ணெயும் சேர்ந்து பறந்துபோய் ஈரமாகக் கணக்கில் வரும்.

வீட்டளவில் இரண்டு வழி உண்டு. ஒன்று கைப்பழக்கம். வல்லாரையை எடுத்துக்கொண்டால், இலையின் ஓரம் முதலில் மொறுமொறுப்பாகும். அதை நம்பி அள்ளிவிடக் கூடாது. இலைக்காம்பை எடுத்து வளைக்க வேண்டும். ரப்பர் மாதிரி வளைந்து திரும்பினால் இன்னும் காயவில்லை. மடக்கென்று இரண்டாக ஒடிந்து, ஒடிந்த இடம் வெளிறித் தூள் கொட்டினால்தான் காய்ந்தது. நிலவேம்பின் தண்டும் அப்படித்தான், அதன் கணுவில் ஒடித்துப் பாருங்கள். கணு கடைசியில்தான் காயும்.

இரண்டாவது வழி எனக்குப் பிடித்தது. அறையின் ஈரப்பதத்தைக் காட்டும் சிறிய டிஜிட்டல் மானி மலிவாகக் கிடைக்கிறது. நன்றாக மூடக்கூடிய கண்ணாடிப் போத்தலில் பாதிக்குத் தூளை நிரப்பி, மானியை உள்ளே வைத்து மூடி, ஒரு நாள் அசையாத இடத்தில் விடுங்கள். தூளும் உள்ளே இருக்கும் காற்றும் சமநிலைக்கு வந்த பிறகு மானி காட்டும் எண்தான் உங்கள் தூளின் உண்மையான நிலை. 60க்குக் கீழே இருந்தால் எந்தப் பூஞ்சணமும் பக்டீரியாவும் வளராது. மலிவு மானி ஐந்து புள்ளி முன்பின்னாகக் காட்டும், அதனால் 50க்குக் கீழே வந்தபின் அடையுங்கள்.

வெயிலில் காயவைப்பதா, நிழலிலா?

இலையை நிழலில் உலர்த்து என்றுதான் பரியாரிமார் சொல்லிவந்தார்கள். காரணம் சரியானது. நேர் வெயில் பச்சையத்தையும் முருங்கையிலையில் இருக்கும் பீட்டா கரோட்டினையும் அழிக்கும். மணம் தரும் எண்ணெயும் பறந்துவிடும். வேர், பட்டை, காய் வகைகளுக்கு வெயில் அவ்வளவு கெடுதல் செய்யாது.

ஆனால் நிழல் என்றால் காற்றோடும் நிழல். வாவிக் கரையில், காற்று அசையாத அறைக்குள், தரையில் பாய் போட்டு இலையைக் குவித்துவிட்டு "நிழலில்தான் காயவைத்தேன்" என்று சொல்வதில் பொருள் இல்லை. பறித்த இலை உடனே செத்துவிடுவதில்லை. அதிலுள்ள நொதிகள் ஈரம் இருக்கும்வரை வேலைசெய்துகொண்டே இருக்கும், பொலிபீனோல் போன்ற சத்துகளைத் தின்று இலையைப் பழுப்பாக்கும். நான்கு நாள் இழுத்துக் காய்ந்த நிழல் இலையைவிட, 40 பாகைச் சூட்டுக் காற்றில் ஒரே நாளில் காய்ந்த இலை பெரும்பாலும் நன்றாக இருக்கும். வெயிலா நிழலா என்ற கேள்வியைவிட எத்தனை மணி நேரத்தில் என்ற கேள்வி முக்கியம் என்பது என் அபிப்பிராயம்.

தட்டில் மெல்லியதாகப் பரப்புங்கள். தட்டு வலைத்தட்டாக இருந்தால் கீழிருந்தும் காற்று போகும். வெயில்தான் வழி என்றால் மேலே மெல்லிய கறுப்புத் துணி கட்டுங்கள்.

சூடு எவ்வளவு வைக்கலாம்?

மணமுள்ள இலை, பூ: 35 முதல் 40 பாகை. மற்ற இலைகள் 50க்குள். வேர், கிழங்கு, காய் 60 வரை தாங்கும். கிழங்கைத் துண்டு போடாமல் ஆரம்பத்திலேயே அதிகச் சூட்டில் வைத்தால் மேல்தோல் இறுகி உள் ஈரத்தை வெளியே விடாது. மேலே காய்ந்த மாதிரி இருக்கும், அரைத்துப் பார்த்தால் நடு ஈரமாக இருக்கும். மெல்லிய வில்லையாக வெட்டி, குறைந்த சூட்டில் தொடங்கி, பிறகு கூட்டுவதுதான் முறை.

உலர்த்தினால் சத்து போய்விடும் என்று ஒரேயடியாகச் சொல்லவும் கூடாது. பச்சை இஞ்சியின் காரம் ஜிஞ்சரோல். காயும்போது சூடு பட்டு அதில் ஒரு பங்கு நீரை இழந்து சோகோலாக மாறுகிறது, அது ஜிஞ்சரோலைவிடக் காரம். இஞ்சி வேறு, வேர்க்கொம்பு வேறு என்று வைத்தியம் பிரித்து வைத்திருப்பது சும்மா இல்லை. வேர்க்கொம்புக் கப்சூலில் பச்சை இஞ்சியின் குணத்தை எதிர்பார்ப்பதும், பச்சை இஞ்சியை உறையவைத்து உலர்த்தி அதை வேர்க்கொம்பு என்று விற்பதும் இரண்டும் பிழை.

நெல்லிக்காயில் கதை வேறு. விற்றமின் சி சூட்டுக்கும் காற்றுக்கும் பயந்த சத்து, காயக் காயக் குறையும். துவர்ப்புத் தரும் தனின் பெருமளவு நிற்கும்.

மாரிகாலத்தில் காயவைக்க வழியே இல்லையா?

ஒக்டோபர் கடைசியிலிருந்து ஜனவரி வரை நம் பக்கத்தில் வெயிலை நம்பி வேலை செய்ய முடியாது. மழை இல்லாத நாளில்கூட காற்றில் ஈரம் 80 சதவீதத்தைத் தாண்டி நிற்கும். ஏற்கனவே நிறைந்திருக்கும் காற்று இலையிலிருந்து இன்னும் எவ்வளவு தண்ணீரைத்தான் வாங்கும்? பேன் போட்டால் கொஞ்சம் வேகம் கூடும், ஆனால் அந்தக் காற்றின் ஈரத்துக்கு ஏற்ற அளவுக்கு மேல் இலை காயவே காயாது.

வழி, காற்றைச் சூடாக்குவது. 28 பாகையில் 85 சதவீத ஈரப்பதத்தோடு இருக்கும் காற்றை 40 பாகைக்குச் சூடாக்கினால் அதே காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 44 சதவீதமாக விழுந்துவிடும். 45 பாகைக்குக் கொண்டுபோனால் 33. ஒரு துளி தண்ணீரையும் வெளியே எடுக்கவில்லை, ஆனாலும் காற்றுக்குத் தாகம் வந்துவிட்டது. உமி எரித்துச் சூடாக்கலாம், மின்சூடாக்கி வைக்கலாம், எது என்றாலும் புகை இலையில் படாமல் சூடான காற்று மட்டும் தட்டு வழியே போய் மேலே வெளியேற வேண்டும். வெளியேறும் வழியை அடைத்துவிட்டால் அது உலர்த்தும் பெட்டி அல்ல, இட்லிச் சட்டி.

இந்த வசதி இல்லையென்றால் மாரியில் உலர்த்தாதீர்கள். கோடையிலேயே ஆண்டுத் தேவையை உலர்த்தி அடைத்துவிடுவதுதான் புத்தி.

கச்சான் காற்று நல்லதுதானே?

மிகவும் நல்லது. மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு இந்தப் பக்கம் வறண்டு இறங்கும் காற்று அது, கோடையில் பிற்பகலில் படங்கைக் கிழிக்கும் வேகத்தில் வரும். இலைக்கு அதைவிட மலிவான உலர்த்தி கிடையாது. புழுதிதான் தொல்லை. நாலு பக்கமும் மெல்லிய வலை அடித்த பந்தல் போட்டு, தட்டை இடுப்புயரத்தில் வையுங்கள். பிறகு ஒரு விஷயம்: சூரியன் சாய்ந்ததும் எடுத்து மூடிவிட வேண்டும். பகலில் காய்ந்த இலை இரவுப் பனியில் ஈரத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளும்.

நெல்லை றோட்டில் காயவைக்கிறோமே, மூலிகையை ஏன் கூடாது?

நெல்லுக்கு உமி இருக்கிறது, பிறகு குற்றுகிறோம், சமைக்கிறோம். இலையை அப்படியே தூளாக்கி விழுங்குகிறோம். தார் வீதியில் எண்ணெய்க் கசிவு, டயர்த்தூள், மாட்டுச் சாணி எல்லாம் இருக்கும். படங்கு விரித்தாலும் வாகனம் போகும்போது எழும்பும் புழுதி மேலேதான் விழும். கடற்கரையோரம் கருவாடு காயும் இடத்துக்குப் பக்கத்திலும் வேண்டாம். அந்த வாடையை இலை பிடித்துக்கொண்டால் எந்தக் கூட்டில் அடைத்தாலும் மூடியைத் திறந்ததும் தெரிந்துவிடும்.

அடுப்புக்கு மேலே பரணில் வைக்கலாமா?

வேண்டாம். காயும், பூச்சியும் வராது, ஆனால் விறகுப் புகையில் புற்றுநோயோடு தொடர்புள்ள சேர்மங்கள் உண்டு, அவை இலையில் படிந்துவிடும்.

நன்றாகக் காய்ந்தால் கிருமி செத்துவிடும்தானே?

சாகாது. உலர்த்தல் வளர்ச்சியை நிறுத்துகிறது, அவ்வளவுதான். சில பக்டீரியாக்களின் வித்துகள் காய்ந்த தூளில் வருடக்கணக்கில் கிடக்கும். அதனால்தான் பறிக்கும்போதும் கழுவும்போதும் சுத்தம் தேவைப்படுகிறது. உலக சுகாதார நிறுவனம் உள்ளே எடுக்கும் மூலிகைச் சரக்குக்கு ஒரு கிராமில் மொத்த பக்டீரியா ஒரு இலட்சம், பூஞ்சணமும் ஈஸ்ட்டும் ஆயிரம், ஈ. கோலை பத்து என்ற எல்லைகளைச் சொல்கிறது. சல்மனெல்லா இருக்கவே கூடாது.

பூஞ்சணத்தில் இன்னொரு ஆபத்து. அஸ்பெர்ஜில்லஸ் வகை வளர்ந்த இடத்தில் அஃப்ளாடொக்சின் என்ற நஞ்சை விட்டுப்போகும். ஈரல் புற்றுநோயோடு தொடர்புள்ள நஞ்சு. ஐரோப்பிய மருந்துத் தர நூல் அதன் பி1 வகைக்கு ஒரு கிலோவில் 2 மைக்ரோகிராம் என்றுதான் இடம் விடுகிறது. பூஞ்சணம் பிடித்ததை வெயிலில் போட்டு, தட்டி, மறுபடி அரைத்தால் பூஞ்சணம் கண்ணுக்குத் தெரியாமல் போகும். நஞ்சு அப்படியே இருக்கும். இந்த ஒரு விஷயத்தில் தயவு தாட்சண்யம் வேண்டாம், அந்தச் சாக்கை முழுதாகக் கொட்டிவிடுங்கள்.

பறித்த இலை கறுத்துப்போய் வருகிறது. உலர்த்தலில் பிழையா?

பெரும்பாலும் உலர்த்துவதற்கு முன்பே நடந்த பிழை. காலையில் பனியோடு பறித்து, உரப்பையில் இறுக்கி அடைத்து, செங்கலடிக்கோ களுவாஞ்சிக்குடிக்கோ வரும்வரை மூன்று நான்கு மணி நேரம் பைக்குள்ளேயே கிடந்தால் நடு இலை வெந்துவிடும். கையை உள்ளே விட்டுப் பாருங்கள், சூடு தெரியும். பனி காய்ந்த பிறகு பறித்து, கூடையிலோ வலைப்பையிலோ தளர்வாகக் கொண்டுவந்து, அன்றே கழுவி வடித்துத் தட்டில் போட வேண்டும். யூரியா இருந்த பை எதற்கும் வேண்டாம்.

தூள் பச்சைப்பசேல் என்று இருந்தால் நல்ல தரம் என்று எடுக்கலாமா?

முருங்கை, வல்லாரை போன்றவற்றில் நல்ல பச்சை, ஒழுங்காக உலர்ந்ததற்கு ஓர் அடையாளம். சூடும் காலமும் கூடினால் பச்சையம் மாறி ஒலிவ் நிறத்துக்குப் போகும். ஆனால் நிறத்தை மட்டும் நம்பினால் சாயம் போட்டவனிடம் ஏமாறுவீர்கள். கொஞ்சம் தூளைக் குளிர்ந்த தண்ணீரில் போடுங்கள். கலக்காமலே தண்ணீர் உடனே பளிச்சென்று பச்சையானால் சந்தேகப்படுங்கள். பச்சையம் தண்ணீரில் அப்படிக் கரையாது.

கப்சூல் கூடு சில நேரம் வெடிக்கிறது, சில நேரம் ஒட்டுகிறது. ஏன்?

தயாரிப்பவர்கள் அதிகம் கேட்பது இதைத்தான், பதிலும் கொஞ்சம் நீளம்.

ஜெலட்டின் கூட்டுக்குள்ளேயே 13 முதல் 16 சதவீதம் வரை தண்ணீர் இருக்கிறது. அந்தத் தண்ணீர்தான் கூட்டுக்கு வளைந்து கொடுக்கும் தன்மையைத் தருகிறது. அதைவிட வற்றினால் கண்ணாடி மாதிரி நொறுங்கும். கூடினால் இளகி ஒன்றோடொன்று ஒட்டும். 0 எண் அளவுள்ள கூட்டின் எடை 100 மில்லிகிராமுக்கும் சற்றுக் குறைவு. உள்ளே போகும் தூளோ அதைப்போல நாலைந்து மடங்கு. ஆகவே தூளின் சொல்தான் எடுபடும். எலும்பாகக் காய்ந்த தூளை அடைத்தால் அது கூட்டிலிருந்து தண்ணீரை உறிஞ்சும், இரண்டு கிழமையில் போத்தலைக் குலுக்கினால் கூடு கீறும். ஈரத்தூளை அடைத்தால் கூடு ஈரத்தை வாங்கி இளகும்.

அதனால் "எவ்வளவு காய்ந்தால் அவ்வளவு நல்லது" என்பது கப்சூலில் செல்லாது. முன்னே சொன்ன போத்தல் சோதனையில் மானி 40க்கும் 50க்கும் இடையில் நின்றால் ஜெலட்டின் கூட்டுக்கும் தூளுக்கும் சண்டை வராது. கூட்டையும் திறந்த பையில் வைக்காதீர்கள். 15 முதல் 25 பாகைக்குள், ஈரப்பதம் 35 முதல் 65க்குள் வைக்கச் சொல்கிறார்கள். நம் கோடையில் தகரக்கூரைக்குக் கீழே இது நடக்காத காரியம், ஒரு சிறிய ஏசி அறை இல்லாமல் கப்சூல் தொழில் தொடங்க வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

தாவர நாரிலிருந்து வரும் எச்பிஎம்சி கூட்டில் ஈரம் ஏறத்தாழ 3 முதல் 7 சதவீதம்தான். வற்றினாலும் அவ்வளவு சீக்கிரம் வெடிக்காது. விலை கூட. ஈரத்தை வேகமாக இழுக்கும் சரக்குக்கு அதுதான் பொருத்தம்.

கையால் நிரப்பும் பலகையில் இன்னொன்றையும் பார்க்கலாம். சரியாகக் காய்ந்த தூளை மேலே கொட்டி அட்டையால் தள்ளினால் துளைகளில் தானே இறங்கும். ஈரத்தூள் துளை வாயில் பாலம் கட்டி நிற்கும், தட்டினால் கட்டியாக விழும், பக்கத்துக் கூடு பாதி வெறுமையாக இருக்கும். இருபது கப்சூலை எடுத்துத் தூளை மட்டும் தனித்தனியாக நிறுத்துப் பாருங்கள். 300 மில்லிகிராமும் அதற்கு மேலும் அடைக்கும்போது சராசரியிலிருந்து 7.5 சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது என்பது பொது விதி, இரண்டுக்கு மட்டும் சலுகை உண்டு.

நெல்லி, கடுக்காய்க் கப்சூல் வயிற்றில் கரையாமல் போகுமா?

போகக்கூடும். தனின் ஜெலட்டினோடு பிணையும். தோல் பதனிடுவதில் நடப்பதும் இதே வேலைதான். சூடும் ஈரமும் சேர்ந்தால் கூட்டின் உட்புறம் கரையாத சவ்வாக மாறிவிடும். 37 பாகை வெந்நீரில் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். கடினக் கூடு 30 நிமிடத்துக்குள் பிரிய வேண்டும் என்பது வழமையான அளவு. புதிதாக அடைத்தது பிரிந்து, ஆறு மாதம் கழித்து அதே கப்சூல் பிரியாமல் பை மாதிரி மிதந்தால் இதுதான் காரணம். துவர்ப்புச் சரக்குக்கு எச்பிஎம்சி கூடு எடுங்கள்.

கூடு ஹலாலா என்று காத்தான்குடி, கல்முனைப் பக்கம் கேட்கிறார்கள். என்ன சொல்வது?

ஜெலட்டின் மாடு, பன்றி, மீன் எதிலிருந்தும் வரலாம். கூடு விற்பவரிடம் மூலமும் ஹலால் சான்றிதழும் எழுத்தில் வாங்கி வையுங்கள், வாய்ச்சொல் போதாது. சைவ உணவுக்காரரும் இதே கேள்வியைத்தான் வேறு விதமாகக் கேட்கிறார்கள். எச்பிஎம்சி கூடு இரண்டு பேருக்கும் பிரச்சினையில்லாத வழி.

பிட்டவியல் செய்த சூரணத்தைக் கப்சூலில் அடைக்கலாமா?

சித்த முறையில் சில சூரணங்களைப் பால் விட்டுப் பிசறி, ஆவியில் பிட்டு மாதிரி அவித்துச் சுத்தி செய்வார்கள். அவித்ததும் சூரணத்துக்கு மறுபடி ஈரம் ஏறிவிடுகிறது, போதாததற்குப் பாலின் கொழுப்பும் இனிப்பும் சேர்கிறது. கையில் பொலபொலவென்று இருந்தாலும் உள்ளே ஈரம் இருக்கும். அன்றே மெல்லியதாகப் பரப்பி முழுதாக உலர்த்தி, அரைத்து, சீலையில் சலித்து, போத்தல் சோதனை பார்த்த பிறகு அடையுங்கள். பால் சேர்ந்ததை லேபிளில் எழுதவும் வேண்டும், பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் இருக்கிறார்கள்.

இலைத்தூளைவிட சாறு எடுத்து உலர்த்திய எக்ஸ்ட்ராக்ட் நல்லதா?

குறைந்த தூளில் கூடிய சத்து என்பது உண்மை. ஆனால் அது வேறு பொருள். சாறைத் தெளித்து உலர்த்தும் இயந்திரத்தில் உள்ளே போகும் காற்று 150 பாகைக்கு மேல் இருக்கும். துளி ஒரு சில வினாடியில் காய்ந்துவிடுவதால் துளி அவ்வளவு சூடாவதில்லை. ஒட்டாமல் இருக்க மோல்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாப்பொருள் தூளைக் கலப்பார்கள். எவ்வளவு கலந்தார்கள் என்று கேளுங்கள், சில தூளில் பாதிக்குப் பாதி அதுதான். இந்தத் தூள் இலைத்தூளைவிட வேகமாகக் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். மாரியில் பையைத் திறந்து வைத்துவிட்டுத் தேநீர் குடித்துவர முடியாது.

உறையவைத்து உலர்த்தியதில் நிறமும் சத்தும் நன்றாக நிற்கும். செலவு அதிகம். நொதிகள் அதில் அழிவதில்லை, தூங்கத்தான் செய்கின்றன. ஈரம் பட்டால் திரும்ப எழும்பும்.

வயல் வரம்பில் தானாக வளர்ந்த வல்லாரையை எடுக்கலாமா?

சம்பலுக்குக்கூட யோசித்துத்தான் எடுக்க வேண்டும். உலர்த்தினால் தண்ணீர் மட்டுமே போகிறது. களைநாசினி மிச்சமோ, மண்ணிலிருந்து வந்த ஈயம், கட்மியமோ போவதில்லை. 10 கிலோ இரண்டேகால் கிலோவாகச் சுருங்கும்போது அவையெல்லாம் நாலரை மடங்கு செறிந்து நிற்கும். மருந்துக்கென்று தனியாக நட்ட பாத்தி இருந்தால் அதை எடுங்கள்.

எத்தனை காலம் வைத்திருக்கலாம்?

சூரணத்துக்கு மூன்று மாதம் என்பது சித்த நூல்களின் கணக்கு. காற்றுப்படும் பாத்திரத்தில், அடிக்கடி திறந்து எடுத்த காலத்துக் கணக்கு அது, நம் ஈரக்காற்றுக்கு இன்றும் பொருந்தும். நன்றாக அடைத்த கப்சூலுக்கு உற்பத்தியாளர் அதைவிட நீண்ட காலம் போடலாம், ஆனால் அதே பொதியில் வைத்துச் சோதித்து வந்த எண்ணாக இருக்க வேண்டும். மெல்லிய பொலித்தீன் பை ஈரத்தை விடும். தடித்த வெள்ளைப் பிளாஸ்டிக் போத்தல் பரவாயில்லை, கண்ணாடி நல்லது, இருபுறமும் அலுமினியம் உள்ள பொதி மிக நல்லது. குளிர்சாதனப் பெட்டியில் வைக்காதீர்கள். குளிர்ந்த போத்தலை வெளியே எடுத்துத் திறந்ததும் நம் காற்று உள்ளே போய் நீராகப் படியும்.

வாங்குபவர்களுக்கு: பெரிய போத்தலை மலிவு என்று வாங்கி மாரி முழுக்கத் திறந்து மூடுவதைவிடச் சிறிய போத்தல் இரண்டு வாங்குங்கள்.

வீட்டில் செய்து விற்கலாமா?

மருந்து என்று சொல்லி விற்க அனுமதி வேண்டும். 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டத்துக்குள் சித்தமும் யுனானியும் அடங்கும், கேட்க வேண்டிய இடம் ஆயுர்வேதத் திணைக்களம். உலர்த்திய திகதி, தொகுதி எண், ஈர அளவு மூன்றையும் ஒவ்வொரு தடவையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். அனுமதிக்குப் போகும்போதும் உதவும், ஒரு போத்தல் பழுதென்று திரும்பி வந்தால் எந்தச் சாக்கு என்று தேடவும் உதவும்.

போத்தலுக்குள் இருக்கும் சிறிய பையைத் தூக்கிப்போடலாமா?

போத்தல் முடியும்வரை உள்ளேயே இருக்கட்டும், அது சிலிக்கா ஜெல். சின்னப்பிள்ளை வாயில் போட்டால் நஞ்சில்லை, ஆனால் தொண்டையில் சிக்கும், எட்டாத இடத்தில் வையுங்கள். தயாரிப்பவர்கள் தனி மணியாக வாங்கினால் 120 பாகையில் இரண்டு மணி நேரம் சூடாக்கித் திரும்பப் பாவிக்கலாம். நீலத்திலிருந்து ரோஸ் நிறத்துக்கு மாறும் வகையில் கோபால்ட் உண்டு, அதை மருந்துப் பக்கம் கொண்டுவர வேண்டாம். செம்மஞ்சள் நிற வகையை எடுங்கள்.